பின் பிரேக்ல கீச்சுன்னு ஆரம்பிச்சு இப்போ கரகரன்னு சத்தம். எலெக்ட்ரிக் கார், 31,000 கிமீ. டிஸ்க்கே மாத்தணுமா?

கடலோரவாசி, திருவான்மியூர்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுமையா படிச்சு சொல்லுங்க. என்கிட்ட இருக்கறது ரெண்டரை வருஷம் ஆன எலெக்ட்ரிக் கார், மோட்டார் முன்னாடி, நாலு வீல்லயும் டிஸ்க், ஹேண்ட்பிரேக் பட்டன் டைப். 31,000 கிமீ ஓடியிருக்கு. அபார்ட்மென்ட்ல கீழ இடம் கிடைக்காததால வண்டி எப்பவும் வெளில தான் நிக்கும், வீட்டுலேர்ந்து பீச் அஞ்சு நிமிஷ நடை, உப்புக்காத்துல பால்கனி கிரில்லுக்கே வருஷா வருஷம் பெயின்ட் அடிக்க வேண்டிய ஏரியா.

போன மாசம் மழை விடாம பேஞ்சப்போ பத்து நாள் வண்டிய எடுக்கவே இல்ல. பதினோராவது நாள் எடுத்தா பின்னாடி யாரோ பிடிச்சு வெச்ச மாதிரி நகரல, கொஞ்சம் அழுத்துனதும் "டொக்"குன்னு ஒரு சத்தத்தோட விட்டுச்சு. ரெண்டு நாள் கரகரப்பு இருந்துச்சு, அப்புறம் போயிடுச்சு, மழைத்துரு தானேன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் சிக்னல்ல நிக்கப்போறப்போ கடைசி பத்து அடில மட்டும் இடது பின்பக்கம் கீச்சுன்னு ஒரு சத்தம், ரோட்ல போறவங்க திரும்பிப் பாக்கற அளவுக்கு. இப்போ ஒரு வாரமா பிரேக்ல கால் வைக்காமலே மெதுவா போறப்போ சக்கரம் சுத்தற தாளத்துக்கு கர்ர்... கர்ர்...னு வருது.

சர்வீஸ் சென்டர்ல காமிச்சேன். அரை மணி நேரத்துல வந்து பின்னாடி ரெண்டு பக்கமும் டிஸ்க்க அழுத்திப் பிடிக்கற பேடு, டிஸ்க் எல்லாம் போயிடுச்சு, மொத்தம் 18,500 ஆகும்னு சொன்னாங்க. கழட்டுன பேட காமிங்கன்னா திரும்ப மாட்டிட்டோம்னு சொல்றாங்க. ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா எலெக்ட்ரிக் வண்டில இது நார்மல் சார்ங்கறாங்க. பிரேக்க நான் மிதிக்கறதே கம்மி, பாதி நேரம் காலை எடுத்தாலே வண்டி தானா ஸ்லோ ஆயிடுது, அப்படி இருக்கப்போ 31,000ல எப்படி தேயும்? வாரத்துக்கு ரெண்டு நாள் அம்மாவ பிசியோதெரபிக்கு இதுல தான் கூட்டிட்டு போறேன், பிரேக் விஷயம்ங்கறதால தள்ளிப்போடவும் பயமா இருக்கு, காரணம் தெரியாம காசு கொடுக்கவும் மனசு வரல. அடுத்த வருஷமும் இதே ஆகாதுன்னு யார் சொல்லுவா?

வைகை_வண்டி, மதுரை

ப்ரோ முதல்ல காசு செலவில்லாத ஒன்ன பாத்துருங்க. டிஸ்க்குக்கு பின்னாடி மெல்லிசா ஒரு தகடு இருக்கும், டஸ்ட் ஷீல்டு. அதுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல சின்ன ஜல்லிக்கல் மாட்டுனா நீங்க சொல்ற மாதிரியே தாளமா கர்ர் கர்ர்னு வரும். எனக்கு நத்தம் ரோடு வேலை நடந்தப்போ இப்படி ஆச்சு, ரிவர்ஸ்ல நாலஞ்சு தடவை எடுத்ததும் கல் விழுந்துடுச்சு, சத்தம் அதோட போச்சு. அந்த தகடு வளைஞ்சு உரசினாலும் இதே சத்தம் தான், கையால லேசா நிமித்தி விட்டா போதும். ஆனா கீச் சத்தமும் சேந்து வருதுன்னா அது கல் இல்ல, பேடு பக்கம் தான் பாக்கணும்.

ஸ்பீடு_செல்வா

துரு தான பாஸ், ரஸ்ட் எடுக்கற ஸ்ப்ரே ஒண்ணு வாங்கி வீல் ஓட்டை வழியா டிஸ்க் மேல நல்லா அடிச்சு விடுங்க, சத்தம் கப்சிப்.

கோவை_ஸ்பேனர்

செல்வா தம்பி சொன்னத தயவுசெஞ்சு யாரும் செஞ்சுறாதீங்க. அந்த ஸ்ப்ரேல எண்ணெய் இருக்குதுங்க. டிஸ்க்ல பட்டா சத்தம் நிக்கும், கூடவே பிரேக்கும் நிக்கும். பேடு எண்ணெய குடிச்சிருச்சுன்னா அப்பறம் கழுவுனாலும் தேச்சாலும் வராது, தூக்கிப் போட்டு புதுசு தான் போடோணும். பிரேக்குல அடிக்கலாம்னா அது பிரேக் கிளீனர் ஒண்ணு தான், அது ஆவியாப் போயிரும், எதுவும் ஒட்டாது.

கடலோரவாசி சார், நான் இருபத்திரெண்டு வருஷமா ஒர்க்‌ஷாப்ல நிக்கறவனுங்க. கடைசி அஞ்சு வருஷமா எலெக்ட்ரிக் வண்டி நிறைய வருது, அதுல பிரேக் சத்தம்னு வர்றதுல முக்காவாசி பின் வீல் தான். நீங்க கேட்ட கேள்வி சரியான கேள்வி, மிதிக்காத பிரேக் எப்படி தேயும்னு. மிதிக்காததால தானுங்க போகுது.

பெட்ரோல் வண்டில டிஸ்க் மேல மழைல ஒரு ராத்திரில துரு படியும், அது வார்ப்பிரும்பு, படியாம இருக்காது. காலைல நாலு தடவை பிரேக் அடிச்சா பேடு அத வழிச்சு எடுத்துரும். உங்க வண்டில நீங்க பெடல மிதிச்சாலும் முதல்ல மோட்டார் தான் ஜெனரேட்டரா மாறி வண்டிய இழுத்துப் பிடிக்குது, பேடு டிஸ்க்க தொடறது கடைசில, பத்து கிமீ வேகத்துக்கு கீழ வர்றப்போ, இல்லைன்னா திடீர்னு ஓங்கி மிதிச்சா மட்டும் தான். உங்களுக்கு கீச் சத்தம் கடைசி பத்து அடில மட்டும் வர்றது அதுனாலதானுங்க. அதுலயும் பிரேக் அடிக்கறப்போ வண்டி பாரம் முன்னாடி சாயுது, பின் பிரேக்குக்கு எப்பவுமே கம்மி வேலை. ஏற்கனவே கம்மி, மோட்டார் வந்து அதையும் வாங்கிட்டுது. அப்போ பின் டிஸ்க்ல துரு மேல துரு ஏறி ஓரத்துல வரப்பு மாதிரி நின்னுக்குது, பேடோட ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கற காது உக்கார்ற இடத்துல துரு உப்பி பேடு இறுகிப்போகுது, பேட அழுத்தற கவ்வி, அதுதான் காலிபர், அது முன்ன பின்ன நகர்றதுக்கு இருக்கற பின்னுல (pin) கிரீஸ் காஞ்சு பிடிச்சுக்குது. பேடு முன்ன பின்ன நகரலைன்னா பிரேக் விட்டாலும் அது டிஸ்க்க விடாது, லேசா உரசிக்கிட்டே ஓடும். தேயறது அங்கதானுங்க. மிதிச்சுத் தேஞ்சதில்ல, விடாமத் தேஞ்சது. பத்து நாள் நின்னு "டொக்"னு விட்டுச்சுன்னு சொன்னீங்களே, அப்பவே பேடு டிஸ்க்கோட ஒட்டியிருக்குதுங்க.

வெறும் பேடும் டிஸ்க்கும் புதுசா மாத்தி, அந்த பின்ன கழட்டி சுத்தம் பண்ணாம விட்டா அடுத்த மழைக்கு மறுபடி வருவீங்க. அதனால பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. ஒரு இருபது கிமீ சாதாரணமா ஓட்டிட்டு வந்து, கடைசில ஓங்கி பிரேக் அடிக்காம, நிறுத்துன உடனே நாலு டிஸ்க்கோட சூட்டையும் பாருங்க. ரேஷன் கடை வாசல்ல கொரோனா டைம்ல நெத்திக்கு நேரா காமிச்சாங்களே அந்த மெஷின் வேண்டாம், அது ரொம்ப சூட்ட காட்டாது, இன்டஸ்ட்ரியல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஹார்டுவேர் கடைல கிடைக்குது. கைய வெச்சு மட்டும் பாக்காதீங்க, தோல் உரிஞ்சு போயிரும். பெட்ரோல் வண்டில எல்லா டிஸ்க்கும் சூடா தான் இருக்கும், கண்டுபிடிக்கறது கஷ்டம். உங்க வண்டில பின் டிஸ்க் வெதுவெதுன்னு தான் இருக்கோணும். ஒரு பக்கம் மட்டும் கொதிச்சுதுன்னா அந்தப் பக்கம் பிடிச்சிருக்குதுன்னு அர்த்தம். ரெண்டாவது, மேல சொன்ன மதுரைத் தம்பி சொல்ற டஸ்ட் ஷீல்டையும் ஒரு பார்வை பாத்துருங்க, சரியாத்தான் சொல்லியிருக்காப்ல. அப்பறம் வளைவுல திரும்பறப்போ சத்தம் கூடிக் குறையுதான்னு கவனிங்க, அப்படின்னா வீல் பேரிங், கதை வேற.

பனிக்காட்டுத் தமிழன், ஸ்காபரோ

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். கோவை அண்ணை சொன்னது நூறு வீதம் சரி, இஞ்ச இது ஒவ்வொரு வீட்டுப் பிரச்சினை. பனிக்காலத்தில றோட்டுக்கு உப்புக் கொட்டுவினம், அந்த உப்புத்தண்ணி பின்சில்லுக்குள்ள போய் மூண்டே வருசத்தில பிரேக் எல்லாம் கறள் பிடிச்சுப் போகும். என்ர முதல் எலெக்ட்ரிக் கார் 40,000 கிலோமீற்றரில பின் பிரேக் கழட்டேக்க பேட்டில கட்டை நிறைய மிச்சம் இருந்தது, ஆனா பின்னால இருக்கிற இரும்புத் தகடு கறளில உப்பி கட்டையை அப்பிடியே தள்ளிக் கழட்டிப் போட்டுது. தேய்மானம் எண்டு பாத்தா பாதி கூடத் தேயேல்லை, ஆனா குப்பைக்குத்தான் போச்சு.

டெஸ்லாவின்ர மனுவலிலயே உப்புப் போடுற குளிர் நாடுகளில வருசத்துக்கு ஒருக்கா அல்லது 20,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா காலிப்பரைத் துப்பரவாக்கி கிறீஸ் போடச் சொல்லி இருக்குது. பனிக்காலம் எண்டுதான் எழுதி இருக்குது, ஆனா எனக்கு கடற்கரையில வெளியில நிக்கிற காரும் ஒண்டுதான், உப்பு உப்புத்தான். நான் பனி ரயர் மாத்துறதுக்கு சில்லுக் கழட்டேக்க பின்னையும் ஒருக்கா இழுத்துப் பாத்துப் போட்டுத்தான் திருப்பிப் பூட்டுறது. உங்களுக்கு ரயர் மாத்துற சோலி இல்லை, அதனால நீங்கள் மழைக்கு முதல் ஒண்டு, மழை முடிஞ்சு ஒண்டு எண்டு கணக்கு வைச்சாச் சரி.

இன்னொண்டும் சொல்ல வேணும். போக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 கார்களில பின்னுக்கு டிஸ்க் இல்லை, டிரம் பிரேக். புதுக் காருக்கு ஏன் பழைய டிரம் எண்டு சனம் குறை சொன்னது, ஆனா டிரம் மூடின பெட்டி, உப்பும் தண்ணியும் உள்ள போறது குறைவு, மோட்டர் தான் முக்கால்வாசி பிரேக் வேலையைச் செய்யேக்க பின்னுக்கு அது தாராளமாப் போதும். என்ர ரெண்டாவது காரை நான் அதைப் பாத்துத்தான் எடுத்தனான்.

மலைப்பாதை, ஊட்டி

எல்லாரும் துருவ பத்தியே பேசறீங்க, கீச் சத்தத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு நடந்தத சொல்றேன். ஊட்டில வீடு, ராத்திரி பூரா சார்ஜ் போட்டு காலைல 100 சதவீதத்தோட மேட்டுப்பாளையம் இறங்குவேன். ஃபுல் பேட்டரில மோட்டார் பிரேக் வேலை செய்யாது, ஏன்னா வர்ற கரண்ட்ட கொட்டி வைக்க இடம் இல்ல. கணக்கு போட்டுப் பாருங்க, 1,700 கிலோ வண்டி கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் இறங்குது, அது 8.8 யூனிட் கரண்ட்டுக்கு சமம். அதுல டயர் உராய்வு, காத்து எல்லாம் போக மிச்சம் பூரா பேட்டரிக்கு போயிருக்க வேண்டியது, அத பிரேக் டிஸ்க் தான் சூடா வாங்கிக்குது. குன்னூருக்கு கீழ 14 கொண்டை ஊசி வளைவு முடியறதுக்குள்ள பேடு மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு, அன்னைலேர்ந்து கீச்சு. மெக்கானிக் பேட லேசா எமரி பேப்பர்ல தேச்சு, திரும்ப படிய வெச்சதும் போயிடுச்சு. இப்போ 80க்கு மேல சார்ஜ் ஏத்தாம இறங்கறேன், மேட்டுப்பாளையம் போறப்போ ஏறியிருக்கும்.

சென்னை ஆளுக்கு இது பொருந்துமான்னு தெரியல, ஏற்காடு கொல்லிமலைன்னு போயிட்டு வந்தீங்களா?

கடலோரவாசி, திருவான்மியூர்

இல்ல சார், மலைப்பக்கமே போகல, எல்லாம் ஓஎம்ஆர் ஈசிஆர் தான். ஆனா அந்த 100 சதவீத விஷயம் எனக்கு புதுசு, நன்றி.

கோவை அண்ணா, நீங்க சொன்ன மாதிரி தெர்மாமீட்டர் வாங்கி செஞ்சு பாத்தேன். முட்டுக்காடு வரைக்கும் போயிட்டு மெதுவா வந்து நிறுத்தினேன். பின் வலது 43 டிகிரி, பின் இடது 104. முன்னாடி ரெண்டும் ஐம்பது பக்கம். ரெண்டாவது தடவையும் பாத்தேன், அதே மாதிரி தான். இப்போ யோசிச்சா ரெண்டு மாசமா ஒரு சார்ஜ்ல ஓடற ரேஞ்சும் கொஞ்சம் கம்மியா தான் காட்டுச்சு, ஏசின்னு நினைச்சுட்டு இருந்தேன்.

தெரிஞ்ச பக்கத்து ஒர்க்‌ஷாப்ல ஒரு அண்ணன் இருக்கார், பெட்ரோல் டீசல் எல்லாம் நல்லா பாப்பார், எலெக்ட்ரிக் வண்டில கை வெச்சதில்ல, நீ கூட நின்னா கழட்டறேன்ங்கறார். ஷாக் அடிக்குமோன்னு ரெண்டு பேருக்குமே பயம். என்னென்ன பாக்கணும்னு சொன்னீங்கன்னா ஞாயித்துக்கிழமை செஞ்சுடலாம்.

கோவை_ஸ்பேனர்

104ன்னா சந்தேகமே இல்லீங்க, இடது பக்கம் பிடிச்சிருக்குது. அத சரி பண்ற வரைக்கும் நெடுந்தூரம் போகாதீங்க, அம்மாவ கூட்டிட்டு போறதுக்கு வேற வண்டி பாத்துக்கோங்க.

ஷாக் பத்தி பயப்பட வேண்டாம், பின் வீல் பிரேக் வேலைக்கும் பெரிய பேட்டரிக்கும் சம்பந்தமே இல்ல, ஆரஞ்சு கலர் வயர் எதையும் தொடாம இருந்தா போதும். பயப்பட வேண்டியது ஜாக்கிக்கு தான். வண்டிக்கு அடில பூரா பேட்டரி, ஜாக்கி பாயின்ட்னு மேனுவல்ல போட்டிருக்கற இடத்த விட்டு ஒரு அங்குலம் தள்ளி வெச்சா பேட்டரி பெட்டி நசுங்கும். முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வெச்சுட்டு, ஸ்டாண்ட் போட்டுட்டு தான் வீல கழட்டோணும்.

அடுத்தது தானுங்க ரொம்ப முக்கியம். உங்க வண்டில ஹேண்ட்பிரேக் மோட்டார் காலிபர்லயே உக்காந்திருக்கும். பெட்ரோல் வண்டி மாதிரி சி கிளாம்ப் போட்டு, பேட தள்ற பிஸ்டன உள்ள தள்ளுனா அந்த மோட்டாரோட திருகு உடைஞ்சு போகும், அப்பறம் காலிபரே மாத்தோணும். முதல்ல ஹேண்ட்பிரேக்க சர்வீஸ் மோடுல போடோணும். சில வண்டில டச் ஸ்கிரீன் மெனுலயே இருக்கும், சில வண்டில பெடலையும் பட்டனையும் சேத்து அழுத்தற முறை, சிலதுக்கு ஸ்கேனர் மாட்டோணும், உங்க மேனுவல்ல பாருங்க. போட்டதுக்கப்பறம் சின்ன மோட்டார் "ஊஊம்"னு பின்னாடி போற சத்தம் கேக்கும். வேலை முடியற வரைக்கும் யாரும் வண்டிய ஆன் பண்ணக்கூடாது, பிரேக் மிதிக்கக்கூடாது, சில வண்டி கதவ திறந்தாலே பிரேக்குக்கு பிரஷர் ஏத்தும், அதனால கதவையும் மூடி சாவிய தூரமா வெச்சுருங்க.

காலிபர கழட்டுனா ஹோஸ்ல தொங்க விடாதீங்க, ஒரு கம்பியால வண்டியோட சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங்ல கட்டி விடுங்க. ரெண்டு பேடையும் வெளிய எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, அது கதைய சொல்லும். உள்பக்க பேடு நிறைய தேஞ்சு வெளிப்பக்கம் அப்படியே இருந்தா காலிபர் பின் நகரல. ஒரே பேடு மேல ஒரு பக்கமும் கீழ ஒரு பக்கமுமா சாய்வா தேஞ்சிருந்தா அந்தப் பேடோட காது இறுகியிருக்குது. ரெண்டும் ஒரே அளவா தேஞ்சும் சூடாச்சுன்னா பிஸ்டனோ ஹேண்ட்பிரேக் மோட்டாரோ திரும்பி வரல, அத நீங்க ரோட்டோரத்துல பாக்க வேண்டாம்.

பின்ன வெளிய இழுத்து பழைய கிரீஸ பூரா தொடச்சுட்டு சிலிகான் பிரேக் கிரீஸ் மட்டும் போடுங்க. வீல் பேரிங்குக்கு போடற சாதா கிரீஸ் போட்டா உள்ள இருக்கற ரப்பர் உப்பிப் போகும், மறுபடி பிடிக்கும், நிறைய பேர் பண்ற தப்பு இதுதான். பேடு காது உக்கார்ற இடத்த கம்பி பிரஷ்ல வெள்ளையா வர்ற வரைக்கும் தேயுங்க, தூசிய காத்தடிச்சு ஊதாதீங்க, ஈரத்துணியும் பிரேக் கிளீனரும் போதும், அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதில்ல.

டிஸ்க் மாத்தோணுமா வேண்டாமான்னு டிஸ்க்கே சொல்லும். அது மேல குறைஞ்சபட்ச தடிமன் எத்தனை மிமீன்னு அடிச்சிருக்கும். வெர்னியர்ல அளந்தா ஓரத்துல நிக்கற துரு வரப்பு மேல உக்காந்து தடிமன் கூடவே காட்டும், மைக்ரோமீட்டர்ல நாலு இடத்துல அளங்க. அளவு இருந்து, நகத்துல தடவுனா ஆழமா மாட்டலைன்னா டிஸ்க் போதும். பேடு மட்டும் மாத்துனா ரெண்டு பக்கமும் சேத்து தான் மாத்தோணும், ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா வண்டி இழுக்கும்.

கடலோரவாசி, திருவான்மியூர்

ஞாயித்துக்கிழமை முடிச்சாச்சு. ஆறு மணி நேரம் ஆச்சு, அதுல ஒன்றரை மணி நேரம் ஒரே ஒரு பின்ன வெளிய எடுக்கறதுக்கே.

சர்வீஸ் மோடு மெனுலயே இருந்துச்சு. இடது பக்கம் கழட்டினதும் தெரிஞ்சுடுச்சு, வெளிப்பக்க பேடு 8 மிமீ இருக்கு, உள்பக்கம் 2 மிமீ தான் மிச்சம். தேஞ்சா கத்தறதுக்குன்னு ஒரு சின்ன தகடு வெச்சிருப்பாங்களாமே, அது டிஸ்க்க தொட ஆரம்பிச்சிருந்துச்சு, கீச் சத்தம் அதுதான். கீழ் பின் கையால அசையவே இல்ல, ரப்பர் உறை கிழிஞ்சு உள்ள மழைத்தண்ணி போய் துருவும் கிரீஸும் சேந்து களிமண் மாதிரி இருந்துச்சு. ஒர்க்‌ஷாப் அண்ணன் பொறுமையா திருப்பித் திருப்பி தான் எடுத்தார், அடிச்சா பிராக்கெட் போயிடும்னு. பின் மேல குழி குழியா துரு, அதனால புது பின், ரப்பர் சேந்த கிட் வாங்கிட்டோம்.

டிஸ்க்ல கீழ 8 மிமீன்னு அடிச்சிருக்கு. மைக்ரோமீட்டர்ல 9.3, 9.3, 9.2, 9.3. உள்பக்கம் மட்டும் கோடு கோடா இருக்கு ஆனா நகம் மாட்டல. மாத்தவே தேவையில்லாத டிஸ்க்குக்கு காசு கேட்டிருக்காங்கன்னு அந்த நிமிஷம் ரொம்ப கோவம் வந்துச்சு, கழட்டி காமிச்சிருந்தா நானே ஒத்துக்கிட்டு பேடு மாத்தியிருப்பேன். வெர்னியர்ல விளையாட்டுக்கு அளந்து பாத்தோம், அண்ணா சொன்ன மாதிரியே 9.9 காட்டுது.

வலது பக்கமும் கழட்டினோம். அங்க பின் நகருது ஆனா காஞ்சு போச்சு, இன்னொரு மழைக்கு அதுவும் பிடிச்சிருக்கும். ரெண்டு பக்கமும் புது பேடு 2,650, ரப்பர் பின் கிட் 480, கிரீஸ் 150, கூலி 1,200. மொத்தம் 4,480.

ஒரு சந்தேகம். புது பேடு இன்னும் சரியா பிடிக்காத மாதிரி இருக்கு, லேசா சொரசொரன்னு சத்தமும் வருது. படிய வைக்கறது எப்படி? ரீஜென் (அந்த மோட்டார் பிரேக்) லெவல ஜீரோல வெச்சு ஓட்டுனா போதுமா?

கோவை_ஸ்பேனர்

சந்தோஷம் சார், அந்த ஒர்க்‌ஷாப் அண்ணனுக்கு என் வணக்கத்த சொல்லுங்க, பின்ன அடிக்காம எடுத்தாரு பாருங்க, அதுதானுங்க கைவேலை.

ஜீரோல வெச்சா போதாதுங்க, எல்லாரும் இங்கதான் ஏமாந்து போறாங்க. ஜீரோங்கறது காலை எடுத்தப்போ மட்டும் தான், நிறைய வண்டில பெடல மிதிச்சா அப்பவும் மோட்டார் தான் முதல்ல பிடிக்கும், பேடுக்கு வேலையே வராது. காலி ரோடா, சமதளமா பாத்து 60ல போய் நியூட்ரல்ல போட்டுட்டு பிரேக் மிதிங்க. நியூட்ரல்ல மோட்டார் பிடிக்காது, முழு வேலையும் டிஸ்க்குக்கு தான். வண்டி ஆன்ல இருக்கறதால ஸ்டியரிங், பிரேக் பூஸ்டர் எல்லாம் வழக்கம் போல இருக்கும். 10 வரைக்கும் கொண்டு வாங்க, முழுசா நிறுத்த வேண்டாம், சூட்டோட பேட ஒரே இடத்துல அழுத்தி வெச்சா அங்க கறை படிஞ்சு அப்பறம் அதிரும். எட்டுப் பத்து தடவை, நடுவுல ஒரு நிமிஷம் ஆற விட்டு ஆற விட்டு. அதிகாலைல பின்னாடி வண்டி இல்லாதப்போ செய்ங்க, மலை இறக்கத்துல மட்டும் நியூட்ரல் பழக்கமே வேண்டாம்.

இதையே வாரத்துக்கு ஒரு நாள் நாலஞ்சு தடவை செஞ்சுருங்க. வண்டிய கழுவுனாலும் மழைல நனைஞ்சாலும் அப்படியே கொண்டுபோய் நிறுத்தாம ரெண்டு தடவை பிரேக் அடிச்சு காய வெச்சு நிறுத்துங்க. பத்து நாள் நிறுத்தறதா இருந்தா, தரை சமமா இருந்தா, வீலுக்கு கட்டை போட்டுட்டு ஹேண்ட்பிரேக்க எடுத்து விட்டுருங்க, பார்க் மோடுல நிக்கும், அப்பத்தான் பேடு டிஸ்க்கோட ஒட்டாது.

வைகை_வண்டி, மதுரை

நியூட்ரல் மேட்டர் சூப்பர் அண்ணா, நான் இத்தனை நாள் ஜீரோல வெச்சு பிரேக் சுத்தம் பண்றதா நினைச்சுட்டு இருந்தேன். என் வண்டியும் 28,000 ஆச்சு, சத்தம் எதுவும் இல்ல, ஆனாலும் கழட்டி பாக்கணுமா? பிரேக் ஆயிலும் மாத்தணும்ங்கறாங்களே, பேடே தேயாத வண்டிக்கு ஆயில் எதுக்கு?

கோவை_ஸ்பேனர்

பேடு தேயலைன்னாலும் ஆயில் தண்ணி குடிக்குமுங்க. அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கற ஜாதி. டாட் 4 ஆயில் புதுசா இருக்கப்போ 230 டிகிரிக்கு மேல தான் கொதிக்கோணும்னு அளவு, ஈரம் ஏறுனதுக்கப்பறம் அந்த அளவு 155. ஊட்டி சார் மாதிரி இறங்கறப்போ ஆயில் கொதிச்சு நீராவி ஆச்சுன்னா பெடல் பஞ்சு மாதிரி கீழ போயிரும். ஈரம் காலிபருக்குள்ளயும் துருவ உண்டாக்கும். உங்க மேனுவல்ல எத்தனை வருஷம்னு போட்டிருக்கோ அதுக்கு மாத்திருங்க, நிறைய வண்டிக்கு ரெண்டு வருஷம்.

28,000ல ஒரு தடவை கழட்டி பின்ன இழுத்துப் பாத்து கிரீஸ் போட்டுருங்க தம்பி. சத்தம் வர்றதுக்கு முன்னாடி பாத்தா ஒரு மணி நேர வேலை.

கடலோரவாசி, திருவான்மியூர்

மூணு வாரம் ஆச்சு, சொல்லிட்டு போகலாம்னு வந்தேன். விடிகாலைல ஈசிஆர்ல நியூட்ரல்ல பத்து தடவை செஞ்சேன், ஏழாவது எட்டாவது தடவைலயே சொரசொரப்பு போயிடுச்சு. இன்னைக்கு முட்டுக்காடு போயிட்டு வந்து அளந்தேன், பின் வலது 44, பின் இடது 45. நடுவுல ரெண்டு நாள் நல்ல மழை, வெளில தான் நின்னுச்சு, காலைல எடுத்தப்போ "டொக்" சத்தம் இல்ல. ரேஞ்சும் பழையபடி காட்டுது. நேத்து அம்மா பின்சீட்ல உக்காந்துட்டு, என்னடா இன்னைக்கு வண்டி அமைதியா போகுதுன்னு கேட்டாங்க.

கோவை_ஸ்பேனர்

ரொம்ப சந்தோஷமுங்க. வீல் நட்டு கழட்டி மாட்டுனதுக்கப்பறம் நூறு கிமீல ஒரு தடவை டார்க் ரென்ச்ல பாக்கோணும், பாத்தீங்களா?

கடலோரவாசி, திருவான்மியூர்

பாத்தாச்சு அண்ணா, ஒர்க்‌ஷாப் அண்ணனே மறுநாள் போன் பண்ணி வரச்சொல்லி பாத்தார். எல்லாம் டைட்டா இருந்துச்சு.